பிரவுசர் மட்டும்தான் ஓடுது, லேப்டாப் ஏன் இப்படிக் கொதிக்குது?

"நான் கேமா விளையாடுறேன்? நெட்தானே பார்க்கிறேன். அதுக்கே அடியில கை வைக்க முடியல." ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நெட் பார்ப்பது லேசான வேலை என்பது இருபது வருடத்துக்கு முன்னால் சரி. அன்றைக்கு ஒரு வலைப்பக்கம் என்றால் கொஞ்சம் எழுத்து, நாலு படம். இன்றைக்கு ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் செய்தி ஒரு ஓரத்தில் கிடக்க, தானாக ஓடும் வீடியோ, நகரும் விளம்பரம், நீங்கள் எதைத் தொடுகிறீர்கள் என்று வேவு பார்க்கும் நிரல் என ஏகப்பட்ட வேலை பின்னால் நடக்கிறது. அத்தனைக்கும் உழைப்பது உங்கள் லேப்டாப்பின் பிராசசர்தான்.

பிராசசருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். 15 வாட் இழுத்தால் 15 வாட் வெப்பம். அது விரல் நகமளவு சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்புவதால், சீக்கிரம் வெளியேற்றியாக வேண்டும். அதற்கு உள்ளே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். பிராசசர் மேல் ஒரு மெல்லிய பசை, தெர்மல் பேஸ்ட் என்பார்கள். அதன்மேல் செப்புத் தகடு. தகட்டிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓரத்துக்கு ஓடும். அந்தக் குழாய் வெறும் உலோகம் இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுத் துளியளவு தண்ணீர் வைத்து அடைத்திருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும், மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து நீராகும், உள்சுவர் வழியாகத் திரும்பி வரும். அந்த மறுமுனையில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அடுக்கிய தகடுகள். அடிப்பக்கத் துளைகள் வழியே ஃபேன் காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் இடுக்கில் ஊதி, பக்கவாட்டில் வெளியே தள்ளும். ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு. அவற்றில் உடம்பு முழுக்கவே சூட்டை வெளியேற்றும் தகடு. அவை தொட்டால் சுடுவது இயல்பு.

இவ்வளவையும் ஒரே கூட்டல் கணக்கில் அடக்கலாம். பிராசசரின் சூடு என்பது அறைக் காற்றின் சூடும், அதற்கு மேல் லேப்டாப் தானாக ஏற்றிக்கொள்ளும் சூடும் சேர்ந்தது. உதாரணத்துக்கு, நெட் பார்க்கும்போது உங்கள் லேப்டாப் அறைக் காற்றைவிட 45 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி அறையில் 24 டிகிரி என்றால் பிராசசர் 69. மே மாத மதியம், சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் 38 டிகிரி என்றால் 83. தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்து, 45 ஏறவேண்டியது 60 ஏறினால் 98. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்களின் உச்சவரம்பு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதை நெருங்கியதும் சிப் எரிந்துபோகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கம் நகர்த்தும்போது திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான். 'லேப்டாப் ஸ்லோ' என்ற புகாரும் 'லேப்டாப் சூடு' என்ற புகாரும் பல நேரம் ஒரே நோய். ரேம் வாங்கிப் போட்டு இதைத் தீர்க்கப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

கீழக்கரையில் பெருநாள் லீவுக்கு வந்த ஒருவர் கேட்டார்: "தம்பி, துபாய்ல ரெண்டு வருசமா சத்தமே இல்லாம ஓடுச்சு. இங்க வந்து நாலு நாள்தான், ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. ஊர் கரண்ட்டு சரியில்லையோ?"

"கரண்ட்டு ஒண்ணும் பண்ணல காக்கா. அங்க ஏசி ரூம். இங்க மாடி ரூம்ல காத்தே முப்பத்தாறு டிகிரி இருக்கும். உள்ள அடைப்பு அங்கேயே வந்திருக்கும், ஏசி அதைக் காட்டிக்கொடுக்கல" என்றேன். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

வீட்டு ஃபேனைத் திருப்பி லேப்டாப் மேல் வைத்தால் குளிர்ந்துவிடுமா என்றும் கேட்பார்கள். ஃபேன் காற்று நமக்குச் சில்லென்று இருப்பதற்குக் காரணம் வியர்வை ஆவியாவது. லேப்டாப்புக்கு வியர்க்காது. எவ்வளவு வேகமாக ஊதினாலும் அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே அது இறங்கவே இறங்காது. ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

ஆக, பார்க்க வேண்டியது இரண்டு. வெப்பம் அளவுக்கு மீறி உண்டாகிறதா? அல்லது உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் தேங்குகிறதா? இது தெரியாமல் பேஸ்ட் மாற்றுவது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது எல்லாம் குருட்டு வைத்தியம்.

கையை வைத்துப் பாருங்கள்

முதல் சோதனைக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். லேப்டாப் கொதிக்கும் நேரத்தில், காற்று வெளியேறும் துவாரத்தில் உள்ளங்கையை வையுங்கள். காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் உள்ளே பாதை திறந்திருக்கிறது, வேலைதான் அதிகம். ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று மெலிதாகத்தான் வருகிறது என்றால் தகடுகளில் அடைப்பு. காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, பிராசசரோ 95 டிகிரி காட்டுகிறது (அதைப் பார்க்கும் நிரல்கள் கீழே) என்றால் வெப்பம் தகடு வரைக்கும் வந்தே சேரவில்லை; பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது செப்புத் தகடு சரியாக உட்காரவில்லை. ஃபேன் உள்ள மாடலில் சத்தமும் இல்லை காற்றும் இல்லை என்றால் ஃபேன் போய்விட்டது.

டிகிரி பார்க்க ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் மாதிரி இலவச நிரல்கள் இருக்கின்றன. நம் ஊர் வெயிலில் நெட் பார்க்கும்போது 60 முதல் 80 வரை போய்வந்தால் கவலை வேண்டாம். பக்கம் திறக்கும் நொடியில் 90 தொட்டு இறங்கினாலும் பரவாயில்லை. ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடமாக 90-க்கு மேலேயே நிற்கிறது என்றால்தான் கோளாறு.

யார் வேலை வாங்குகிறார்கள்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியூ (பிராசசர்) என்ற பத்தியைச் சொடுக்கினால் அதிகம் உழைக்க வைக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். அங்கே விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸ் சோதனையோ இருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். முடிந்ததும் தானாக அடங்கும். பழி பிரவுசர் மேல் விழுந்திருக்கும், குற்றவாளி வேறு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. "பிரவுசர் 12 சதவீதம்தான் காட்டுது, அதுவா இவ்வளவு சூடு?" என்று சந்தேகம் வரும். எட்டு இழைகள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையைத் தனித்தனியாக ஓட்டும் வழிகள், உள்ள பிராசசரில் ஓர் இழை முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் வரும். அந்த ஓர் இழைக்காக பிராசசர் டர்போ வேகத்துக்கு, அதாவது வழக்கத்துக்கு மேலான உச்ச வேகத்துக்கு, ஏறி, மின்னழுத்தத்தைக் கூட்டி, கொதிக்கும். எனவே 12, 13 என்ற எண் அசையாமல் நின்றால் அதைச் சின்ன எண் என்று விடாதீர்கள். ஏதோ ஒரு பக்கத்தின் நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எந்தப் பக்கம் என்பதைப் பிரவுசரே சொல்லும். குரோமிலும் எட்ஜிலும் பிரவுசர் திறந்திருக்கும்போது ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்துங்கள். ஒவ்வொரு டேபும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்) தனித்தனி வரியாக வரும். ஃபயர்ஃபாக்ஸில் மெனுவில் 'மோர் டூல்ஸ்' என்பதற்குள் டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. மேலே நிற்கும் வரியை மூடிவிட்டு இரண்டு நிமிடம் ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். அடங்கினால் ஆள் அகப்பட்டான்.

நம் கரையில் நான் அடிக்கடி பார்ப்பது காற்று வரைபடம். படகு வைத்திருக்கும் வீடுகளில் பையனோ பெண்ணோ லேப்டாப்பில் காற்று காட்டும் தளத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். மன்னார் வளைகுடா பக்கம் வெள்ளைக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்கவும் அழகு. அந்த ஒவ்வொரு கோட்டையும் நொடிக்குப் பலமுறை கிராஃபிக்ஸ் சிப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினால் ஒன்றுமில்லை. காலையிலிருந்து திரையில் நிற்கவிட்டால் லேப்டாப் நாள் முழுக்கப் படம் வரைகிறது. அந்தத் தளத்திலேயே அசைவை நிறுத்த வழி இருக்கும். இல்லையென்றால் வேறு டேபுக்கு மாறினாலே போதும். திரையில் தெரியாத டேபில் இந்த மாதிரி அசைவுகளைப் பிரவுசர் நிறுத்திவிடும்.

'ஐம்பது டேப் திறந்து வைத்தால் சூடாகும்' என்ற அறிவுரையும் இதனால் பாதிதான் உண்மை. பின்னால் கிடக்கும் டேப்களைப் பிரவுசர்கள் பெரும்பாலும் தூங்கவிடும். பாட்டு ஓடும் டேப் விதிவிலக்கு. டேப்கள் அதிகமானால் முதலில் நிரம்புவது ரேம். 4 ஜிபி மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் ரேம் நிரம்பினால், விண்டோஸ் அதில் இருப்பதை டிஸ்க்குக்கும் ரேமுக்கும் மாற்றி மாற்றித் தூக்கிச் சுமக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் சூடும் இழுபறியும்.

வீடியோ வேறு கதை. வீடியோக்கள் சுருக்கி அனுப்பப்படுகின்றன. லேப்டாப் அதைப் பிரித்து விரிக்க வேண்டும். அதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் சுலபமாக முடியும். இல்லையென்றால் பிராசசரே மூச்சுப் பிடித்துக் கணக்குப் போட்டு விரிக்கும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் அனுப்புகிறது. இன்டெல் கோர் வரிசையில் 7-ஆம் தலைமுறையிலிருந்து விபி9-க்கும், 11-ஆம் தலைமுறையிலிருந்து ஏவி1-க்கும் முழுமையான தனிப் பகுதி இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கிடைத்தவற்றை இன்னும் ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சிப்கள் இந்தச் சுருக்க முறைகள் பரவும் முன்பே வந்தவை. வீடியோ ஓடும்போது மட்டும் கொதிக்கிறது என்றால் தரத்தை 1080-லிருந்து 720-க்கோ 480-க்கோ இறக்குங்கள். 1366-க்கு 768 அளவுள்ள பழைய திரையில் 1080 வீடியோ ஓட்டினால் கண்ணுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது, சூடுதான் மிச்சம்.

தனிப் பகுதி இருந்தும் அது அணைந்து கிடக்கலாம். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பிரிவில் கிராஃபிக்ஸ் அக்சலரேஷன் என்ற பொத்தான் உண்டு. எப்போதோ திரை மினுக்கியது என்று யாரோ அதை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை ஆன் செய்து பிரவுசரை மூடித் திறந்ததும் சூடு தணிந்த லேப்டாப்கள் உண்டு.

திருட்டுப் படத் தளங்களும் ஓசி கிரிக்கெட் தளங்களும் தனி ரகம். படம் ஓடும்போதே உங்கள் பிராசசரில் கிரிப்டோ காசு தோண்டும் நிரலை ஒளித்து வைக்கும் தளங்கள் இருந்திருக்கின்றன. அந்தப் பக்கத்தை மூடியதும் ஃபேன் ஓய்ந்தால் யோசிக்கவே வேண்டாம், மறுபடி அங்கே போகாதீர்கள். விளம்பரம் தடுக்கும் நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்று போதும். மூன்று போட்டால் மூன்றும் ஒவ்வொரு பக்கத்தையும் அலசி அதுவே சுமையாகும்.

உப்புக் காற்று செய்யும் வேலை

டாஸ்க் மேனேஜரில் யாரும் உழைக்கவில்லை, எல்லாம் ஒன்றிரண்டு சதவீதம், ஆனாலும் சூடு என்றால் உள்ளே அடைப்பு. இந்த விஷயத்தில் மதுரைக்காரருக்குச் சொல்லும் யோசனையும் தங்கச்சிமடத்துக்காரருக்குச் சொல்லும் யோசனையும் ஒன்றாக இருக்க முடியாது.

கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் தூசி வறண்ட தூசி. ஊதினால் பறக்கும். கரையோரத்தில் காற்றிலேயே உப்புத் துகள் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் இரவில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். பகலில் காயும், இரவில் நனையும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணலும் சேரும். முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடும் ஊர்களை ஒட்டியிருந்தால் கரித்தூளும் சேரும். இதெல்லாம் ஒன்றாகிப் பசையாக ஒட்டிக்கொள்கிறது.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டு லேப்டாப்பைத் திறந்தபோது கண்டது இது. அடி மூடியின் திருகுகளில் இரண்டு துருவேறித் தலை வழுக்கிவிட்டன. ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றின் முனையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. ஃபேனைத் தூக்கினால், தகடுகளின் வாசலில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் நெடுக ஒட்டியிருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது உடையாமல் ஒரே துண்டாக வந்தது. விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்று மணல். செப்புக் குழாயின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த லேப்டாப்பில் ஒரு கீறல்கூட இல்லை, தினம் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்த காற்று இது. அதற்கு அப்புறம் புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அந்தக் காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

சுத்தம் செய்யக் கடைக்குக் கொடுப்பதானால் 'சர்வீஸ் பண்ணுங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், ஃபேனைக் கழற்றித் தகடுகளின் வாசலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளியிலிருந்து புளோயர் வைத்து ஊதிவிட்டுத் தருவது நம் கரைக்குப் போதாது. ஒட்டிய படலம் அசையாது, சில சமயம் இன்னும் உள்ளே போய் இறுகும். நீங்களே செய்வதானால் முதலில் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடி மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுழன்று அச்சு கெட்டுப்போகும். ஒட்டியதை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள், அடம்பிடிக்கும் இடத்தில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். தண்ணீர் கூடவே கூடாது. உப்போடு தண்ணீர் சேர்ந்தால் மின்சாரம் பாயும், செப்புத் தடங்கள் அரிக்கும்.

பேஸ்ட் மாற்றுவதற்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை. சூடு என்றதும் கடைக்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான். கையில் வெதுவெதுப்பான காற்று, திரையில் 95 டிகிரி என்ற அடையாளம் இருந்தால் மாற்றுங்கள். செப்புத் தகட்டை ஒருமுறை கழற்றிவிட்டாலும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போட்டே ஆகவேண்டும். மற்றபடி நாலைந்து வருடம் ஆன லேப்டாப் என்றால், அடைப்பெடுக்கும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

வைக்கும் இடம்

மெத்தை, தலையணை, மடியில் போட்ட போர்வை இவை மூன்றும் காற்று உள்ளே போகும் துளைகளை அடைக்கும். கோரைப்பாய் மேல் நேராக வைத்தால்கூடப் பாயின் தூசியை உறிஞ்சும். பலகை அல்லது மேசைதான் சரி. லேப்டாப்பின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு விரல்கடை உயரத்துக்கு மரக்கட்டை கொடுத்துத் தூக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். விளக்கெரியும் கூலிங் பேடுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளே அடைத்துக் கிடக்கும்போது வெளியே எத்தனை ஃபேன் வைத்தும் பயன் குறைவு. அவற்றில் பாதிப் பயன் பின்பக்கம் உயர்வதால் கிடைப்பதுதான்.

ஈரத் துணி விரித்து அதன்மேல் வைப்பது, ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பது இரண்டையும் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்றில், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மீதும் நீர் துளிர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த லேப்டாப்பின் உள்ளேயும் அதேதான் நடக்கும். ஏசி அறையிலிருந்து வாசல் திண்ணைக்கு எடுத்து வருபவர்கள் சிறிது நேரம் பையிலேயே வைத்திருந்துவிட்டுத் திறப்பது நல்லது.

அடைப்பும் எடுத்தாயிற்று, பிரவுசரும் சுத்தம், ஆனால் கோடை மதியம் மட்டும் தாங்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போனால் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்று ஒரு வரி இருக்கும். 100 என்பதை 99 ஆக்கினால் இன்டெல் லேப்டாப்களில் பொதுவாக டர்போ வேகம் நின்றுவிடும். நெட் பார்ப்பதில் சிறிய தாமதம் தெரியலாம், சூடு கணிசமாகக் குறையும். சில புது மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும்; அங்கே பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றினால் கிட்டத்தட்ட அதே பலன்.

கடைசியாகப் பேட்டரி. பிராசசர் சூட்டைத் தாங்கும், தாங்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்து, 100 சதவீதத்தில் நின்று, சூட்டிலும் வெந்தால் சீக்கிரம் கிழடாகும். உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் நிரலில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். டச்பேட் மேலே உப்பினாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அப்போது சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தவே கூடாது. லேப்டாப்பை அணைத்து, மெத்தை துணிமணி பக்கமில்லாமல் வெறும் தரையில் வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.